சங்கிலிக் கவசம்: வளையம் கோர்ப்பதும் துருவிலிருந்து காப்பதும்

சின்ன உலோக வளையங்களைக் கோர்த்துப் பின்னுகிற சங்கிலிக் கவசத்தில், என் முதல் துண்டை வீடு கட்டுகிற இடத்தில் மிஞ்சிய கட்டுக்கம்பியில் பின்னினேன். லேசாக இழுத்தாலே வளையங்கள் வாய் பிளந்தன. ஒரே மழைக்காலத்தில் துருவேறி, தொட்ட கையெல்லாம் செம்பழுப்பு. அதனால் 1.6 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வாங்குங்கள். கிலோவுக்குச் சுமார் 2,000 வளையம் தேறும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காதுதான், ஆனால் பழகாத மணிக்கட்டு தாங்காது.

8 மி.மீ. ராடின் நுனியில் துளை போட்டு, கம்பி முனையை மாட்டி நெருக்கமாகச் சுற்றுங்கள். பிடியை விட்டதும் சுருள் படக்கென்று திரும்பும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுருளை உருவி, சுற்றுச் சுற்றாக வெட்டினால் வளையம் ரெடி. சின்ன போல்ட் கட்டர் போதும்.

பின்னல், ஐரோப்பாவில் அதிகம் புழங்கிய நாலுக்கு ஒன்று. நாலு வளையங்களை மூடிவைத்து, ஐந்தாவதில் கோர்த்து அதையும் மூடுங்கள். மேசையில் விரித்தால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொரு வளையமும் முந்தின வரிசையில் அடுத்தடுத்த இரண்டுக்குள் நுழையும். வரிசைக்கு வரிசை சாய்வு மாறும், மாறாவிட்டால் பிரித்துவிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது மூடுவதில். பழைய ஐரோப்பியக் கவசங்களில் முனைகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, ஆணி வைத்து இறுக்கியிருப்பார்கள். நாம் முனைகளை முட்டவைப்பதோடு சரி. வளையத்தைப் பக்கவாட்டில் விரிக்காதீர்கள், வட்டம் கெட்டுவிடும். இரண்டு பிளையரால் பிடித்து ஒரு முனையை முன்னே, மற்றதைப் பின்னே திருகித் திறங்கள். மூடும்போது உள்நோக்கி அழுத்தியபடி, சேரும் இடத்தைக் கொஞ்சம் தாண்டவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். முனைகள் உரசும் 'கிறிச்' சத்தம் கேட்க வேண்டும். நகத்தால் தடவுங்கள், நகம் இடறினால் மறுபடி திருகி மூடுங்கள். பல் இல்லாத பிளையரே வாங்குங்கள். பல் வைத்தது துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடும், துரு அங்கேதான் தொடங்கும்.

போட்டுக் கழற்றியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

பின்சேர்க்கை: துருவெடுக்க வினிகரில் ஊறவைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஜி.ஐ.யில் கூடவே கூடாது, துத்தநாகமே கரைந்துவிடும். பூச்சில்லாத கம்பி என்றால் காய்ந்த மணலோடு டப்பாவில் போட்டு உருட்டுங்கள். அந்தக் காலத்தில் பீப்பாயில் செய்ததும் இதுதான். என் கட்டுக்கம்பித் துண்டு அரை மணி நேரத்தில் பளிச்சென்று ஆனது. மணலை உதறிவிட்டு உடனே எண்ணெய் போடுங்கள். நான் மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன், மறுபடி செம்பழுப்பு.