ஹாங்காங் சியூ மேய் கடை: எப்போது போவது, எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது

ஹாங்காங்கில் எந்தக் குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும், கண்ணாடிக்குப் பின்னால் வாத்தும் கோழியும் கொக்கியில் தொங்கும் ஒரு சின்னக் கடை இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே ஒருவர் வட்டமான மரக்கட்டையில் கனத்த கத்தியால் டக் டக்கென்று வெட்டிக்கொண்டிருப்பார். அதுதான் சியூ மேய் கடை. சுட்ட இறைச்சி, கூடவே சோறு, வேண்டுமானால் கொஞ்சம் கீரை. வேறு பெரிதாக எதுவும் கிடையாது. இவற்றை விற்க ஹாங்காங்கில் தனி உரிமமே உண்டு.

இங்கே நன்றாகச் சாப்பிடுவதும் சுமாராகச் சாப்பிட்டுவிட்டு வருவதும் இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள்.

முதலில் நேரம். பெரும்பாலான கடைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஈடு சுடுவார்கள். ஒன்று மதியச் சாப்பாட்டுக்காக, பதினொன்றரை மணி வாக்கில் அடுப்பிலிருந்து வெளியே வரும். இன்னொன்று மாலை ஐந்து, ஐந்தரைக்கு. இந்த இரண்டு நேரத்தையும் ஒட்டிப் போனால் தோல் மொறுமொறுவென்று இருக்கும். மூன்று மணிக்குப் போனால் மிச்சம்தான். கெட்டுப்போயிருக்காது, ஆனால் தோல் தொய்ந்திருக்கும். உள்ளே இருக்கும் கொழுப்பும் ஈரமும் மெல்ல மெல்லத் தோலுக்கு ஏறிவிடுவதுதான் காரணம். காற்றில் ஈரம் அதிகமுள்ள கோடை நாட்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரவு எட்டுக்கு மேல் போனால் நல்ல துண்டுகள் தீர்ந்திருக்கும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் நெருக்கியடிக்கும். ஆகவே பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் போய் உட்கார்ந்துவிடுவது நல்லது.

உள்ளே போகுமுன் கண்ணாடியை அரை நிமிடம் பாருங்கள். வாத்தின் தோல் விறைப்பாக, பளபளப்பாக, கரும்பழுப்பில் இருந்து வாலோரம் இன்னும் சாறு சொட்டினால் இப்போதுதான் வந்திருக்கிறது. தோல் சுருங்கி மங்கிப்போயிருந்தால் காலையிலிருந்து தொங்குகிறது. அன்றைக்கு வாத்தை விட்டுவிட்டு கோழிக்குப் போங்கள்.

என்னென்ன இருக்கும்

ச்சா சியூ என்பது பன்றியின் கழுத்து, தோள் பக்கத்து இறைச்சி. அதை நீளமான பட்டைகளாக வெட்டி, சோயா சாஸ், சர்க்கரை, ஐந்து மசாலாத் தூள், சிவப்பாகப் புளிக்கவைத்த டோஃபு, ரோஜா வாசனை மது ஆகியவற்றில் ஊறவைத்து, கொக்கியில் தொங்கவிட்டுச் சுடுவார்கள். கடைசியில் மால்ட் சர்க்கரைப் பாகு பூசுவார்கள். அந்த மினுமினுப்பு அதனால் வருவதுதான். இதில் கேட்கத் தெரியாதவருக்குப் பெரும்பாலும் காய்ந்த சதைத் துண்டுதான் வந்து சேரும். அந்த ஊர் கான்டனீஸ் மொழியில் 'பூன் ஃபேய் சௌ' என்று சொல்லுங்கள். பாதி கொழுப்பு, பாதி சதை என்று பொருள். கூடவே 'நுங் பின்' என்றால் ஓரம் கருகிய துண்டாகப் பார்த்துப் போடுவார். இந்தக் கருகல்தான் ச்சா சியூவின் உயிர். பாகு தீயில் லேசாகக் கசந்து இனிப்பைச் சமன்படுத்தும் இடம் அதுதான். இந்த உணவு அந்த ஊர்ப் பேச்சில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: பிள்ளையைத் திட்டும் தாய், 'உன்னைப் பெத்ததுக்குப் பதிலா ஒரு துண்டு ச்சா சியூவைப் பெத்திருக்கலாம்' என்பாள்.

சியூ யுக் என்பது தோலோடு சுட்ட பன்றிக்கறி. தோலில் ஊசிகளால் நெருக்கமாகக் குத்தி, உப்புத் தேய்த்து, காயவிட்டு, கடும் சூட்டில் சுடும்போது தோல் முழுவதும் எள் தூவியதுபோலப் பொடிப்பொடிக் குமிழ்களாகப் பொரிந்து வரும். அப்படிப் பொரிந்திருந்தால் கடிக்கும்போது அப்பளம்போல நொறுங்கும். வழுவழுவென்று இருக்கும் தோல் கடினமாகப் பல்லைச் சோதிக்கும். வயிற்றுப் பாகம் வேண்டுமென்றால் 'சியூ லாம் ஜை' என்று கேளுங்கள். தோல், கொழுப்பு, சதை, மறுபடி கொழுப்பு, சதை என்று அடுக்கடுக்காக இருக்கும். தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது கேட்டு வாங்கலாம், சில இடங்களில் சர்க்கரையும் தருவார்கள்.

அடுத்தது சியூ ஙோ, அதாவது சுட்ட கூஸ். வாத்தைவிடப் பெரியது, சதை கருமையாக, வாசனை அழுத்தமாக இருக்கும். தமிழில் சொல்லின் முதலில் தலைகாட்டவே தயங்கும் 'ங' இங்கே கம்பீரமாக முன்னால் நிற்கிறது. உள்ளூரில் பலர் அதையும் விழுங்கிவிட்டு 'சியூ ஓ' என்றே சொல்வார்கள், இரண்டும் புரியும். கூஸைச் செய்வதுதான் இருப்பதிலேயே வேலை மிகுந்தது. தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். வயிற்றுக்குள் மசாலாவைக் கொட்டி அந்தத் திறப்பைத் தைத்துவிடுவார்கள். வெந்நீரை ஊற்றித் தோலை இறுக்கி, வினிகரும் மால்ட் பாகும் பூசி, மணிக்கணக்கில் காற்றில் உலரவிட்ட பிறகுதான் அடுப்புக்குப் போகும். ஹாங்காங்கில் கரி அடுப்பு வைத்திருக்கும் கடைகள் இப்போது மிகக் குறைவு. பெரும்பாலும் கேஸ் அடுப்புதான்.

கூஸில் பாகம் கேட்பது முக்கியம். 'சோங் ஜோங்' என்றால் மேல்பாதி: நெஞ்சும் சிறகும். 'ஹா ஜோங்' என்றால் கீழ்ப்பாதி: காலும் அடிவயிறும். பறவை தலை மேலாகத் தொங்கித்தான் வேகிறது. வயிற்றுக்குள் இருக்கும் மசாலாச் சாறு கீழே இறங்கித் தங்குகிறது. அதனால் கீழ்ப்பாதி ஈரமாகவும் சுவையாகவும், கொஞ்சம் உப்புத் தூக்கலாகவும் இருக்கும். விலையும் கூடுதல்தான். ஆனாலும் முதல்முறை போகிறவர் கீழ்ப்பாதியையே கேளுங்கள். இடது கால்தான் மென்மை என்று அடம்பிடித்துக் கேட்பவர்களும் உண்டு. நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை, கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே தருவார். தொட்டுக்கொள்ளப் புளிப்பும் இனிப்புமான பிளம் சாஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் வரும். கொழுப்பை வெட்டத்தான் அது. வராவிட்டால் கேளுங்கள். கூஸ் விலை அதிகமாகத் தோன்றினால் வாத்து, அதாவது 'சியூ ஆப்', பெரும்பாலான கடைகளில் உண்டு.

கோழி இரண்டு வகை. 'சி யௌ கை' சோயா சாஸில் மெல்ல வெந்தது. 'பாக் சிட் கை' வெறும் தண்ணீரில், கொதிக்கவிடாமல், குறைந்த தீயில் வேகவைத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டது. தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய ஜெல்லி படிந்திருந்தால் கைதேர்ந்தவர் செய்தது. எலும்போரம் லேசாக இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சமையலில் அதுதான் சரியான பதம். அது ஒத்துவராது என்றால் சோயா கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஆறித்தான் வரும், சூடாக இல்லையே என்று திருப்பி அனுப்ப வேண்டாம். வெள்ளைக் கோழியோடு வரும் இஞ்சி, வெங்காயத்தாள் விழுதை மட்டும் மறக்காதீர்கள். பொடியாக நறுக்கி உப்பிட்டு, மேலே காய்ந்த எண்ணெயை ஊற்றியது. ஒரு துண்டு கோழிக்கு கால் தேக்கரண்டி போதும். கொஞ்சம் மிச்சம் வைத்துக் கடைசியில் வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

கேட்கும் முறை

தனியாகப் போனால் ஒரு தட்டுச் சோறு போதும். ஒரே இறைச்சி என்றால் அதன் பெயரோடு 'ஃபான்' சேர்த்தால் ஆயிற்று: ச்சா சியூ ஃபான். இரண்டு வகை வேண்டுமென்றால் 'சோங் பிங்'. புதிதாகப் போகிறவருக்கு இதுதான் சரி. எதோடு எதைச் சேர்ப்பது என்பதில் ஒரு யோசனை: இரண்டும் கொழுப்பாக இருந்தால் பாதியிலேயே திகட்டிவிடும். சியூ யுக்கும் கூஸும் வேண்டாம். ச்சா சியூவும் வெள்ளைக் கோழியும் நல்ல ஜோடி. ஒன்று இனிப்பு, ஒன்று உப்பும் இஞ்சியும்.

சோற்றின் மேல் ஒரு கரண்டி இனிப்புச் சோயாச் சாறு ஊற்றித் தருவார்கள். சோற்றுக்கு அது தேவைதான், மொறுமொறுத் தோலுக்கு அதுவே எமன். கூடுதல் வேண்டுமென்றால் 'டோ ஜப்', குறைவாக என்றால் 'சியூ ஜப்', வேண்டவே வேண்டாம் என்றால் 'ஜௌ ஜப்'. 'ஜௌ' என்றால் போ என்று அர்த்தம். எது தட்டில் வரக் கூடாதோ அதை இப்படித்தான் துரத்துவார்கள். சியூ யுக் வாங்கினால் சாற்றைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது தட்டு வந்தவுடனே தோல் துண்டுகளைச் சோற்றிலிருந்து தூக்கி ஓரத்தில் வையுங்கள். சோற்றின் ஆவி பட்டே ஐந்து நிமிடத்தில் தோல் நமத்துவிடும்.

நான்கு பேர் போனால் தட்டுச் சோறு வாங்காதீர்கள். அரைக் கூஸ் ('பூன் ஜெக்'), ஒரு தட்டு ச்சா சியூ, ஒரு தட்டு கீரை, ஆளுக்கொரு கிண்ணம் வெள்ளைச் சோறு. 'லை பாய்' என்று சொன்னால் வழக்கமான அளவுத் தட்டு வரும்.

உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம். கண்ணாடியருகே போய் விரலால் காட்டினாலும் வேலை முடியும். 'ம் கோய்' என்ற ஒரு சொல்லை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். தயவுசெய்து, நன்றி, கொஞ்சம் இங்கே பாருங்கள், வழி விடுங்கள் எல்லாமே அதுதான்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா இறைச்சியும் ஒரே கட்டையில், ஒரே கத்தியில் வெட்டப்படும். சோற்றில் ஊற்றும் சாற்றிலும் சுட்ட பன்றியின் சாறு கலந்திருக்கலாம். அன்றைய சூப் பெரும்பாலும் பன்றி எலும்பில் காய்ச்சியது. கோழி மட்டும் கேட்டுவிட்டால் போதாது. சைவர்களுக்கு இங்கே இடமில்லை என்றே சொல்ல வேண்டும். கீரையின் மேல்கூடச் சிப்பிச் சாஸ் ஊற்றுவார்கள்.

மேசையில்

யாராவது அழைத்துப்போய் உட்காரவைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் இடத்தைக் காட்டுவார்கள். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காருவது இயல்பு. அதற்கு 'டாப் டோய்' என்றே பெயர். தலையசைத்துவிட்டு உட்காருங்கள், பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு டம்ளரில் வெளிறிய சூடான தேநீர் வரும். சாப்ஸ்டிக்கையும் கரண்டியையும் அதில் அலசுகிறவர்களும் உண்டு, குடிக்கிறவர்களும் உண்டு. காகிதக் கைக்குட்டை பல கடைகளில் தர மாட்டார்கள், கையோடு கொண்டுபோங்கள்.

கோழி, வாத்து, கூஸ் மூன்றும் எலும்போடு குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். கத்தி எலும்பை நசுக்கும்போது கூர்மையான சிம்புகள் தங்கிவிடும். அவசரமாக மெல்லாதீர்கள். முன்பல்லால் சதையை இழுத்து, எலும்பைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். சோற்றுக்குக் கரண்டி, கறிக்குச் சாப்ஸ்டிக். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

முதலில் தோலைச் சாப்பிடுங்கள். பசி ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தால் பசியும் போகும், மொறுமொறுப்பும் போகும்.

இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவதுதான் வழக்கம். வாசலில் ஆட்கள் நிற்கும்போது காலித் தட்டோடு கைபேசி பார்த்துக்கொண்டிருந்தால் தட்டை எடுக்க வருகிறவரின் முகமே சொல்லிவிடும். பில் துண்டு பெரும்பாலும் மேசையிலேயே இருக்கும். எடுத்துக்கொண்டு வாசலோரக் கல்லாவுக்குப் போங்கள். சாதாரணக் கடையில் இரண்டு வகைச் சோறு சுமார் 50 முதல் 80 ஹாங்காங் டாலருக்குள் முடியும். கூஸ், அதிலும் கால், சேர்ந்தால் ஏறும். குளிர்ந்த பானத்துக்குச் சூடானதைவிடச் சில டாலர் அதிகம். ரொக்கம் எங்கும் செல்லும், முன்கூட்டிப் பணம் ஏற்றிவைக்கும் ஆக்டோபஸ் அட்டை பல இடங்களில் செல்லும். டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வாங்கிப்போனால்

சமைத்த சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ள மாலையில் கொஞ்சம் கறி வாங்கிப்போவதை 'ஜாம் லியூ' என்பார்கள். இங்கே எடைக்கணக்கு பழையது: ஒரு கன் என்பது சுமார் 605 கிராம், 16 லோங். இரண்டு பேருக்கு அரைக் கன், அதாவது 8 லோங், ஏறக்குறைய 300 கிராம் ச்சா சியூ தாராளம். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல 'அரைக் கன், எட்டு லோங்' என்பதே அங்கே வழக்கு.

பெட்டியை இறுக மூடினால் உள்ளே வியர்த்து எல்லாம் ஊறிவிடும். மூடியை விரலளவு திறந்தே கொண்டுபோங்கள். சாற்றையும் சாஸையும் தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். வீடு தூரம் என்றால் சியூ யுக்கை வெட்டாமல் முழுத் துண்டாக வாங்குவது மேல். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடப் போவதில்லை என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம், தோல் ரப்பராகிவிடும். சியூ யுக்கைத் தோல் மேலாக வைத்து 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஐந்திலிருந்து எட்டு நிமிடம். ச்சா சியூவுக்கு அவ்வளவு சூடு கூடாது, பாகு கருகிவிடும். சோறு வெந்து இறக்கியதும் அதன் மேல் துண்டுகளைப் பரப்பி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும், உருகும் கொழுப்பு சோற்றில் இறங்கும். வெள்ளைக் கோழியைச் சூடே பண்ணாதீர்கள். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் சரி.