வைப்பரில் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்

கார் வைப்பர் கோடு கோடாகத் துடைத்தால் பிளேடு முழுவதையும் வாங்க வேண்டாம். ரப்பர் பட்டையை மட்டும் மாற்றுங்கள், செலவு வெகுவாகக் குறையும். வேலூர் வெயிலில் காய்ந்து வெடிப்பது ரப்பர்தான், இரும்புச் சட்டம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழைய ரப்பரின் இரு பக்கமும் உள்ள மெல்லிய எஃகுத் தகடுகளை எறிந்துவிடாதீர்கள். ரப்பரைக் கண்ணாடியோடு சீராக அழுத்துபவை அவைதான், அதே வளைவில் புதியதில் செருக வேண்டும். பிளேடைக் கழற்றுமுன் கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றைக் கட்டாயம் விரியுங்கள். வெறும் வைப்பர் கை ஸ்பிரிங் விசையில் படாரென்று விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்! ஐப்பசி மழைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. சட்டம் வளைந்திருந்தாலோ, மூட்டுகள் துருப்பிடித்து ஆடினாலோ, ரப்பர் தனியாகக் கிடைக்காத சட்டமில்லா வகையாக இருந்தாலோ முழு பிளேடைத்தான் மாற்ற வேண்டும்.