தேய்பிறை முகூர்த்தத்தில் சின்னவள் கல்யாணம்

பெரியவள் கல்யாணம் தை மாதம், வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை. மூன்று வருடம் கழித்து மேற்கு மாம்பலத்தில் அதே மண்டபத்தில் சின்னவளுக்கு ஐப்பசியில், தேய்பிறை வியாழக்கிழமையில் நடத்தினோம். வாடகை அன்றைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் சும்மாதான் கிடக்கும். ஆனால் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். கல்யாண மாதங்களிலேயே கூட்டமில்லாத நாளைத் தேடுங்கள். காலண்டரில் தேய்பிறை முகூர்த்தங்களும் போட்டிருக்கும். சம்பந்தியம்மா முதலில் தயங்கினார். பஞ்சமி வரைக்கும் வளர்பிறை மாதிரிதான் என்று அவர்கள் வீட்டு ஜோசியரே சொன்ன பிறகு சரி என்றார். ஜோசியரிடம் ஒரு தேதியோடு நிறுத்தாமல் மூன்று தேதி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். அப்போதுதான் பேரம் பேச முடியும்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் சென்னையில் மழை. முன்பணம் கொடுக்குமுன் எதிர்க்கடைக்காரரிடம் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று விசாரியுங்கள். நாங்கள் முதலில் பார்த்த மண்டபத்தில் சாப்பாட்டுக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. புதுப் பெயின்ட்டையும் மீறி முழங்கால் உயரத்தில் தண்ணீர்க் கறை தெரிந்தது. அப்படியே திரும்பிவிட்டோம். தீபாவளி வாரமும் வேண்டாம், சமையல் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

வார நாளில் காலைப் பந்திக்கு ஆபீஸ் போகிறவர்கள் அதிகம் வரமாட்டார்கள். முதல் நாள் ரிசப்ஷனுக்குத்தான் வருவார்கள். இரண்டு வேளைக்கும் இலைக்கணக்கைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். எங்களுக்கு மிச்சமானதில் பெரும்பங்கு இதில்தான்.

மல்லிகை வெயில்காலப் பூ. மழையிலும் பனியிலும் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். தலைக்கு மட்டும் மல்லிகை வாங்கிவிட்டு, மேடைக்குக் கோயம்பேட்டில் சாமந்தியும் சம்பங்கியும் எடுத்தோம். மஞ்சள் சாமந்தியில் மேடை அவ்வளவு லட்சணமாக இருந்தது! புடவைகளை ஆடித் தள்ளுபடியிலேயே தி.நகரில் எடுத்து வைத்துவிட்டோம். முகூர்த்தப் புடவைக்கு மட்டும் ஆவணி பிறக்கட்டும் என்று மாமியார் சொன்னார், காத்திருந்தோம்.

அப்புறம், வாடகையில் குறைத்ததைக் கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு என்று பில்லில் ஏற்றிவிடுவார்கள். எதெதற்குத் தனிக் காசு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும்போது மேனேஜரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மீட்டரை போனில் படம் எடுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு படம்.