நான்காவது சுற்றில் அமுங்கிய பிரேக் பெடல்

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் காரை ஓட்டும்போது முதல் மூன்று சுற்றும் பிரச்சினை இல்லை. நான்காவதில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. ஒரு மணி நேரம் ஆறினால் மறுபடி கெட்டியாகிவிடும். அதனால்தான் கராஜில் எந்தக் குறையும் தெரியவில்லை.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடை மாற்றினேன், பிறகு டிஸ்க்கையே. இரண்டும் வீண். பேட் சூடாகிப் பிடிப்பு போனால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடலே அமுங்கினால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. என் காரில் இருந்த ஆயில் வகை டாட் 4. புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சியது 155-க்கே இறங்கிவிடலாம். என்னுடையது இரண்டு வருடப் பழசு.

ஒரு லிட்டர் டாட் 5.1 ஊற்றி, பேடை அழுத்தும் நான்கு காலிப்பரிலும் தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை பழையதை வெளியேற்றினேன். டாட் 5 வேறு, அது சிலிகான், கலக்கவே கூடாது.

பாதிதான் சரியானது. மீதிக் கோளாறு, பிரேக்கைக் குளிர்விக்கப் பம்பரிலிருந்து வரும் காற்றுக் குழாயில். அது டிஸ்க்கின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே காற்றுவழி உள்ள டிஸ்க், நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாகத் தள்ளும். குழாய் வாயைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் பக்கம் திருப்பிக் கட்டினேன். பத்து சுற்றும் பெடல் கெட்டியாகவே நின்றது, நிம்மதி.

இப்போது பிரேக் ஆறட்டும் என்று கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, சூடான டிஸ்க்கைப் பேட் பிடித்துக்கொண்டு நிற்காதபடி ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துகிறேன்.