காம்பா ஆண்களின் செம்புச் சங்கிலி: கம்பியிலிருந்து கழுத்து வரை

கென்யாவின் மச்சாகோஸ், கிட்டுயி வட்டாரத்துக் காம்பா ஆண்களின் பழைய உடுப்பு, இடுப்பில் சுற்றும் குட்டையான தோலாடை. மரப்பட்டையிலும் செய்ததுண்டு. அழகெல்லாம் உலோகத்தில்தான்: கழுத்துச் சங்கிலி, கைவளை, கால்வளை. மூக்குப்பொடிக் குப்பியும் சங்கிலியில்தான் தொங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கடற்கரைக்குத் தந்தம் கொண்டுபோன வணிகர்கள் மூலம் செம்புக் கம்பியும் பித்தளைக் கம்பியும் உள்நாட்டுக்கு வந்தன.

அந்தச் சங்கிலிகளில் பல மிக மெல்லியவை. நீங்களே செய்து பார்ப்பதானால், கை பழகும்வரை 1 மி.மீ. செம்புக் கம்பியே போதும். 45 செ.மீ. நீளமுள்ள ஒரு சரத்துக்கு 4 மி.மீ. உள்விட்டத்தில் சுமார் 115 கண்ணிகள் வேண்டும். ஒரு கண்ணிக்குக் கிட்டத்தட்ட 16 மி.மீ. கம்பி பிடிக்கும். சேதாரத்தோடு 2 மீட்டர் வாங்குங்கள்.

முதலில் கம்பியை மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். எஃகு இப்படிச் செய்தால் இறுகும், செம்போ இளகும். பித்தளையென்றால் சிவப்பு அடங்கிய பிறகே தண்ணீர், இல்லாவிட்டால் விரிசல் விடலாம்.

4 மி.மீ. இரும்புக் கோலில் இடைவெளியே இல்லாமல் சுற்றுங்கள். தளர்ந்தால் கண்ணிகள் சிறிதும் பெரிதுமாக வரும், சங்கிலி முறுக்கிக்கொள்ளும். சுருளைக் கழற்றி மெல்லிய ரம்பத்தால் நெடுக அறுங்கள். வெட்டுக் குறடு வேகமானதுதான், ஆனால் முனையைக் கூம்பாக நசுக்கிவிடும். பிறகு வாய் பொருந்தவே பொருந்தாது.

கண்ணியைத் திறப்பதில்தான் பலர் சறுக்குவது. இரு முனைகளையும் விலக்கி இழுத்தால் வட்டம் கெடும். இரண்டு குறடுகளால் பிடித்து ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்புங்கள். அடுத்த கண்ணியைக் கோத்தபின் அதே வழியில் திருப்பி, பொருந்தும் இடத்தைச் சற்றே தாண்டவிட்டு மீளவிடுங்கள். வாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் தோலையும் கீறும், அடுத்த கண்ணியும் நழுவும்.

ஒரே சரம் 12 கிராம்தான். கழுத்தில் தெரிய வேண்டுமானால் நாலைந்து சரம் வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 செ.மீ. கூடுதல் நீளமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

வியர்வை பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, அலசி, உடனே துடையுங்கள். வார்னிஷ் பூசாதீர்கள்: கண்ணிகள் உரசும் இடத்தில்தான் அது முதலில் உரியும், களிம்பும் அங்கேதான் பிடிக்கும்.