தையல் பழக முதலில் கைலி

ரங்கூனில் புதிதாகத் தையல் பழகுவோர் எடுத்த எடுப்பில் ரவிக்கை வெட்ட முனையாமல், நேர்த்தையல் மட்டுமே தேவைப்படும் பருத்திக் கைலியில் தொடங்குவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். சுமார் 2 மீட்டர் துணியை முதலில் நீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் அளவு கெட்டுவிடும். நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரு முனைகளையும் சேர்த்து, கட்டமோ கோடோ இருந்தால் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துக் குண்டூசி குத்தி, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுத் தைக்கவும். துணியைக் கையால் இழுக்கக் கூடாது. தையல் இயந்திரத்தில் ஊசிக்கு அடியிலுள்ள பற்களே அதை நகர்த்தும், இழுத்தால் தையல் சுருங்குவதோடு ஊசியும் வளைந்து முறியக்கூடும். மேல் விளிம்பில் கறுப்புப் பட்டை வைத்துத் தைத்தால், அதுவே பர்மியப் பெண்கள் உடுத்தும் தமெய்ன் ஆகிவிடும்.