குப்பையிலிருந்து ஒரு நிழல் முகம்

பிரிட்டன் கலைஞர்கள் டிம் நோபிளும் சூ வெப்ஸ்டரும் 1998இல் தங்கள் ஆறு மாதக் குப்பையைக் குவித்து, முதுகோடு முதுகு சாய்ந்த இருவரின் நிழலைச் சுவரில் விழவைத்தார்கள். அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எதையும் தூக்கிப்போட எனக்கு மனம் வருவதில்லை.

இப்படி ஒரு நிழல் முகத்தை நீங்களும் செய்யலாம். முதலில் விளக்கு. டியூப்லைட் உதவாது, நிழலின் ஓரம் மங்கிவிடும். ஒரே சிறிய பல்பு உள்ள டார்ச் போதும். அதை அசையாமல் ஒட்டிவிடுங்கள். நான் ஒருமுறை புத்தக அடுக்கின் மேல் வைத்திருந்தேன். யாரோ ஒரு புத்தகத்தை உருவ, மூன்று மணி நேர வேலை போச்சு.

அப்புறம் சுவரில் வெள்ளைத்தாள் ஒட்டி, பக்கவாட்டு முகம் ஒன்றைப் பென்சிலால் வரையுங்கள். டார்ச்சுக்கும் சுவருக்கும் நடுவே, தெர்மாகோல் துண்டில் கம்பி குத்தி, பொருட்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். உங்கள் கண் பொருளில் இருக்கக் கூடாது, நிழலில்தான். டார்ச்சிலிருந்து சுவர் இரண்டு மீட்டர் தள்ளி, பொருள் ஒரு மீட்டரில் என்றால் நிழல் இரண்டு மடங்கு. விளக்கை நெருங்க நெருங்கப் பெருகும். உடைந்த சீப்பு இமைமுடியாகும். நசுங்கிய பாட்டில் மூடி மோவாய்க்குச் சரியாகப் பொருந்தும். கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம், ஒளி ஊடுருவி நிழலைக் கெடுக்கும்.

மூக்குதான் படுத்தும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வேறு ஆளாகிவிடும். எனக்கு வளைந்த ஸ்பூன் கைகொடுத்தது.

பொருந்தியதும் பசை வைத்து இறுக்குங்கள். தாளை உரித்துவிட்டு அறையை இருட்டாக்குங்கள்.